அறுபதாயிரம் ரூபாய்... ஒரே ஒரு சான்ஸ்!

ராத்திரி மணி ஒண்ணு. சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சந்து. இரண்டாவது மாடியில் எட்டுக்குப் பத்து ரூம். ஏப்ரல் மாசப் புழுக்கம். ஃபேன் ஆஃப், ஜன்னல் க்ளோஸ். பனியனோடு வியர்வையில் குளித்தபடி நானும் நண்பனும் லேப்டாப் முன்னாடி. 'ஸ்டார்ட் மியூஸிக்!' என்று நான் கையை ஆட்ட, அவன் ஸ்பேஸ்பாரைத் தட்டினான். பாட்டு நாலே செகண்ட் ஓடியது. அப்புறம் 'டர்ர்ர்ர்ர்...' என்று ஒரு சத்தம். ஸ்க்ரீன் சிலை ஆகிவிட்டது. மவுஸ் நகரவில்லை.

"பதினாலாவது ட்ராக்கைச் சேர்த்தா இப்படித்தான் மச்சி படுத்துக்குது" என்றான் அவன், பழகிப்போன சோகத்தோடு.

நண்பன் பேரைப் போட்டால் அடிப்பான். காலேஜில் எல்லோரும் 'கீபோர்டு' என்றுதான் கூப்பிடுவோம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் ஒருத்தர் எடுத்த ஷார்ட் ஃபிலிமுக்கு பின்னணி இசையும் ஒரு பாட்டும் போட வேண்டும். ஜூன் முதல் வாரம் கெடு. அவனிடம் இருந்ததோ அக்காவுக்கு ப்ளஸ் டூ முடித்தபோது கிடைத்த அரசாங்க இலவச லேப்டாப். 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் எத்தனை வீட்டில் முதல் கம்ப்யூட்டர் என்று உங்களுக்கே தெரியும். இதுவும் அக்காவை டிகிரி முடிக்க வைத்து, தம்பிக்கு ட்யூன் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாலு ஜி.பி. ராமோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைத் திட்ட மனசு வரவில்லை.

அவன் அம்மா டெய்லர். முன் ரூமில் மோட்டார் வைத்த தையல் மிஷின். ஏப்ரல், மே என்றால் ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன், ராத்திரி பன்னிரண்டு வரை 'கடகட கடகட'. அந்த மிஷினில் இருந்து மாசா மாசம் எடுத்துக் கட்டிய சீட்டு அந்த மாசம் விழுந்தது. கையில் அறுபதாயிரம்.

"தம்பி, நீயும் கூடப் போய் பாத்து வாங்கிக் குடு. இதுக்கு மேல என்கிட்ட இல்லப்பா" என்றார் என்னிடம். அப்பா தன் பங்குக்கு ஒரு கண்டிஷன் போட்டார்: "பாட்டு மட்டும் இல்ல, ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்டும் அதுலதான் எழுதணும்."

ஆக, ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு வேலை, அறுபதாயிரம். தப்பாக வாங்கினால் அடுத்த சீட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம். நான் படிப்பது மெக்கானிக்கல். ஆனாலும் 'ஹார்டுவேர் தெரிஞ்ச பையன்' என்று எங்கள் ஏரியாவில் ஒரு கெட்ட பேர் உண்டு.

லைட் எரிஞ்சா கெத்தா?

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். (பேர் வேண்டாம், ஏ.சி. மட்டும் அருமை.) "மியூஸிக் ப்ரொடக்ஷனா? அப்போ கேமிங் லேப்டாப்தான் ப்ரோ!" என்றார் சேல்ஸ்மேன். கீபோர்டுக்குக் கீழே சிவப்பும் பச்சையுமாக லைட் எரிய, எங்கள் ஆள் கண்ணிலும் லைட். விலை எண்பத்திரண்டாயிரம். "மிச்சத்துக்கு ஈ.எம்.ஐ. போட்டுக்கலாம் ப்ரோ, ஆதார் இருக்கா?"

நல்லவேளை, ஆதார் வீட்டில் இருந்தது.

வெளியே வந்து குரோம்பேட்டை அண்ணனுக்கு போன் போட்டோம். தன் பெட்ரூமையே ஸ்டூடியோ ஆக்கி, விளம்பர ஜிங்கிளும் கல்யாண வீடியோ மியூஸிக்கும் செய்து பிழைக்கிறவர். "வாங்கிடாதீங்கடா, நேரா இங்க வாங்க" என்றார். அன்று சாயங்காலம் அவர் ரூமில் நடந்தது ரெண்டு மணி நேர க்ளாஸ். எங்கள் காலேஜ் க்ளாஸ் எதிலும் இவ்வளவு நோட்ஸ் எடுத்ததில்லை!

"கேமிங் லேப்டாப்ல நீ கொடுக்கிற காசுல பாதி கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பாட்டுக்கு அது தேவையே இல்ல. ஸ்க்ரீன்ல நாலு கோடு ஏறி இறங்குறதுக்கு எதுக்குடா அது? அதோட ஃபேன் சத்தம் வேற. நீ பாடுற ரூம்லயே ஹெலிகாப்டர் நிக்கும்."

அப்போது எதுதான் முக்கியம்? அவர் முதலில் சொன்னது ப்ராசஸர். அதிலும் 'எத்தனை கோர்' என்று மட்டும் எண்ணக் கூடாதாம். ஒரு ட்ராக்கில் நீங்கள் வரிசையாக மாட்டும் எஃபெக்ட்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் ஓட முடியும். முதலாமவர் முடித்துக் கொடுத்தால்தான் இரண்டாமவர் வேலை ஆரம்பிக்கும். அதனால் ஒரு ட்ராக் பெரும்பாலும் ஒரே கோர் மேல்தான் உட்காரும். ஒற்றைக் கோரின் வேகம் போதவில்லை என்றால், மீதிக் கோர்கள் சும்மா இருக்கும்போதே பாட்டு 'டர்ர்ர்' அடிக்கும். ட்ராக் எண்ணிக்கை கூடும்போதுதான் அதிகக் கோர்களுக்கு வேலை.

ராம் விஷயம் சுலபம். நிஜ பியானோவை ஒவ்வொரு கட்டையாக ரெக்கார்ட் செய்து வைத்த சாம்பிள்கள் பல ஜி.பி. வரும். ஒவ்வொரு சுரத்தின் ஆரம்பத் துண்டும் ராமில் தயாராக நிற்கும், மீதி டிஸ்க்கில் இருந்து ஓடி வரும். அதனால் ராம் 16 ஜி.பி., டிஸ்க் கட்டாயம் எஸ்.எஸ்.டி. "எட்டுல வேலை நடக்கும். ஆனா பாதிப் பாட்டுல நீ அதைக் கெஞ்சிட்டிருப்பே" என்றார் அண்ணன்.

டிஸ்க் எவ்வளவு பெரிசு என்பதற்கு அவர் கணக்கே போட்டுக் காட்டினார். ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது மூன்று பைட். ஒரு நிமிஷக் குரலுக்கு கிட்டத்தட்ட எட்டு எம்.பி. நாலு நிமிஷப் பாட்டு, முப்பது ட்ராக் என்றால் ஏறக்குறைய ஒரு ஜி.பி. நாம் ஒரே வரியை இருபது தடவை பாடுவோமே, அதெல்லாம் தனி!

ஆனால், நான் உண்மையிலேயே வாய் பிளந்தது அடுத்த மேட்டரில்தான். லேட்டன்சி. கீபோர்டில் கட்டையை அழுத்தியதற்கும் காதில் சத்தம் விழுவதற்கும் நடுவில் உள்ள தாமதம். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது, வாளி வாளியாக அனுப்பும். அந்த வாளிதான் பஃபர். 256 சாம்பிள் வாளி என்றால் 5.8 மில்லி செகண்ட். ஒலி காற்றில் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஆக, ஸ்பீக்கர் உங்களிடமிருந்து ரெண்டு மீட்டர் தள்ளி இருப்பது மாதிரி. பிரச்னை இல்லை. அதே வாளி 1,024 என்றால் 23 மில்லி செகண்ட், எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது மாதிரி. மைக்கில் போய் ஹெட்போனில் திரும்பி வரும்போது இது ரெண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். தாளம் காலி.

வாளியைச் சின்னதாக்கினால் ப்ராசஸர் ஓடி ஓடி மூச்சு வாங்கும், நேரத்துக்கு நிரப்ப முடியாதபோது அந்த 'டர்ர்ர்'. அதனால் பாடும்போது சின்ன வாளி, மிக்ஸ் பண்ணும்போது பெரிய வாளி. இதை மாற்றத் தெரியாமல் கம்ப்யூட்டரையே மாற்றியவர்கள் உண்டு என்று அண்ணன் சிரித்தார். (பழைய லேப்டாப்பில் கீபோர்டு அண்ணாத்தே மூன்று மாசமாக 64-லேயே வைத்திருந்தான் என்பது இந்தக் கட்டத்தில் வெளிவந்த திடுக்கிடும் உண்மை!)

விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதை இதற்குச் சுற்று வழி. அதனால்தான் ஸ்டெயின்பெர்க் கம்பெனி 1997-ல் ஆஸியோ என்ற குறுக்கு வழியைக் கொண்டுவந்தது. நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வாங்கினால் அதற்கான ஆஸியோ டிரைவரும் வரும். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் தாமதம் நூறு மில்லி செகண்டைச் சாதாரணமாகத் தாண்டும். வாங்கி வைத்திருந்த என் இயர்பட்ஸைப் பையில் மெதுவாக மறைத்தேன்.

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்ஸரை வைத்து விளையாடிவிட்டார். 1992-ல் 'ரோஜா' பாட்டுகள் பிறந்தது கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டோடு ஒட்டிய ஸ்டூடியோவில். அந்தக் காலத்தில் உலகம் பூரா இசைக்காரர்களின் செல்லப் பிள்ளை, அட்டாரி எஸ்.டி. என்கிற கம்ப்யூட்டர். மிடி சாக்கெட் உடம்பிலேயே உண்டு. 1040 மாடலில் மெமரி எவ்வளவு தெரியுமா? ஒரு எம்.பி.! நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோவே அதைத் தாண்டிவிடலாம். அது எப்படிப் போதுமானது என்றால், கம்ப்யூட்டர் அன்று ஒலியைத் தூக்கவில்லை. 'எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம்' என்ற குறிப்பை மட்டும் மிடி வழியாக அனுப்பும். சத்தம் போடுவது சிந்தசைஸர், பிடித்து வைப்பது டேப். இன்று அந்த மூன்று வேலையையும் ஒரே பெட்டி தலையில் கட்டுகிறோம். அதான் மூச்சு வாங்குகிறது.

ஆப்பிளா, ஜன்னலா?

இதைத் தொட்டால் கேன்டீனில் ரத்த ஆறு ஓடும் என்பதால் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். மேக் மினி எம்4 மாடல் 2024 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது 59,900 ரூபாய், ஸ்டூடன்ட் விலை 49,900. 16 ஜி.பி. ராம், சத்தமே இல்லாத பெட்டி, தனி டிரைவர் தேவைப்படாத ஒலிப் பாதை. கராஜ்பேண்ட் இலவசம். லாஜிக் ப்ரோ ஆப்பிளில் மட்டும்தான் ஓடும்.

"டேபிளும் மானிட்டரும் வீட்ல இருந்தா, கண்ணை மூடிட்டு எடுடான்னு சொல்லுவேன்" என்றார் அண்ணன். இல்லையே! மானிட்டர் வேண்டும், டிஸ்க் 256 ஜி.பி.தான் என்பதால் வெளி டிஸ்க் வேண்டும், கரன்ட் போனால் யு.பி.எஸ். வேண்டும். காலேஜ் லேபுக்குத் தூக்கிப் போகவும் முடியாது. கீபோர்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் யோசித்துவிட்டு (மூன்றாவது நாள் பிரியாணி), மேக் கனவை ஒத்திவைத்தான்.

புது லேப்டாப் பார்த்தால் அவன் பட்ஜெட்டில் எட்டு ஜி.பி.க்கு மேல் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. 2025 கடைசியில் இருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதால். அப்போதுதான் அண்ணன் அந்த யோசனையைச் சொன்னார்: "ஆபீஸ்ல ஓட்டி முடிச்ச பிசினஸ் லேப்டாப், ஏற்கெனவே 16 ஜி.பி. போட்டதா பாரு. மிச்சக் காசுல மைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்கு. கேக்கிறவனுக்கு உன் ப்ராசஸர் கேக்காதுடா, உன் மைக்தான் கேக்கும்."

தாம்பரத்தில் பீச் ட்ரெயின் பிடித்து எழும்பூரில் இறங்கி, மிச்சத்தை நடந்தே கடந்தோம். ரிச்சி தெரு! பேர்தான் ஒரு தெரு, உள்ளே போனால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை கிளையாக விரியும். பழைய லேப்டாப்கள் தோசைக்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். ஐந்து கடை ஏறினோம். மூன்றில் "அதெல்லாம் டெஸ்ட் பண்ண விட மாட்டோம் தம்பி" என்றார்கள். அப்படிச் சொன்னால் அடுத்த கடை. அவ்வளவுதான்.

நாலாவது கடைக்காரர் ஸ்டூல் போட்டு, டீயும் சொன்னார். நாங்கள் பென் டிரைவைச் செருகினோம். முதலில் ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று பார்த்தோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 'ஐ ஃபைவ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனால் ஆறாம் தலைமுறையாக இருக்கும். அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது பத்தாம் தலைமுறை.

எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர் ஓட்டினோம். பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போது மிச்சம் இருப்பதையும் ஒப்பிட்டோம். எல்லா யு.எஸ்.பி. ஓட்டையிலும் பென் டிரைவைச் செருகிப் பார்த்தோம். பயாஸில் பழைய ஆபீஸ் பாஸ்வேர்டு பூட்டிக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். கடைசியாக லேட்டன்சிமான் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டோம். ஒலி ஓடும்போது நடுவில் புகுந்து கழுத்தை நெரிக்கும் டிரைவர் எது என்று அது காட்டிக்கொடுக்கும். சிவப்புக் கோடு எகிறியது. எங்கள் முகம் வெளிறியது. வைஃபையை அணைத்தோம். கோடு பச்சைக்கு இறங்கியது. "பாட்டு போடும்போது நெட்டை ஆஃப் பண்ணிட்டா போச்சு" என்றான் கீபோர்டு. அவன் அரியர் பேப்பருக்கும் அது நல்லது என்று நான் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பதினாலு ட்ராக் பாட்டு. பென் டிரைவில் இருந்தே ரீப்பரைத் திறந்து ப்ளே போட்டோம். பதினாலும் ஓடியது. அதையே காப்பி செய்து இருபத்தெட்டு ஆக்கினோம். ஓடியது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாட்டு உங்களுதா தம்பி? நல்லாருக்கே" என்றார். ஆயிரம் ரூபாய் குறைத்தும் கொடுத்தார்.

சாஃப்ட்வேர் பற்றி ஒரு வார்த்தை. ஹாஸ்டலில் பென் டிரைவ் பென் டிரைவாகச் சுற்றும் 'க்ராக்' சரக்கு வேண்டாம் மக்களே, கூடவே வைரஸும் குடிவரும். ரீப்பர் அறுபது நாள் முழுசாக ஓடும், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் அறுபது டாலர். எஃப்.எல். ஸ்டூடியோ ஒரு தடவை காசு கொடுத்தால் ஆயுசுக்கும் அப்டேட் இலவசம், ஆனால் ட்ரையலில் சேவ் செய்த ப்ராஜெக்டைத் திரும்பத் திறக்க முடியாது. இது தெரியாமல் ஒரு முழு வாரத்தைத் தொலைத்த அப்பாவி, இந்தக் கட்டுரையை எழுதுபவன்தான்.

மொத்த பில்லைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். லேப்டாப் 34,000. ஆடியோ இன்டர்ஃபேஸ் 5,200. காது மூடும் வயர் ஹெட்போன் 5,000. டைனமிக் மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் சேர்த்து 4,800. பேக்கப்புக்கு வெளி டிஸ்க் 4,900. ஆகமொத்தம் 53,900. மீதி 6,100-ல் ரீப்பர் லைசென்ஸுக்கு ஒதுக்கியது போக, அம்மாவின் மிஷினுக்குப் புது பெல்ட்.

'கன்டென்சர் மைக் வாங்கலையா?' என்று கேட்கிறீர்களா? நம்ம ஏரியா ரூமில் கன்டென்சர் வைத்தால் தெரு முழுக்கப் பாட்டுக்குள் வந்துவிடும். கிழக்குத் தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானங்கள், அந்தப் பக்கம் மீனம்பாக்கம் இறங்கும் ஏர்பஸ்கள், ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன், மூன்றாவது வீட்டு நாய். டைனமிக் மைக் கிட்டக்க இருப்பதை மட்டும்தான் முக்கியமாகப் பிடிக்கும். சுவருக்கு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கனத்த பழைய திரைச்சீலை ரெண்டு வாங்கி மாட்டினோம். சந்தையில் பழைய கம்ப்யூட்டர்கூட மலிவாகக் கிடைக்கும். ஆனால், டெஸ்ட் பண்ண ப்ளக் பாயின்ட் எங்கே? திரைச்சீலையோடு திரும்பிவிட்டோம்.

முதல் நாள் ரெக்கார்டிங்கில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். பழைய வீடு, எர்த் சரியில்லை. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டியதும் ரீங்காரம் போயே போச்சு. லேப்டாப்பே நல்லது என்று முடிவெடுத்ததற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஆனால், தட்டிக்கொள்ள முடியாத ஒரு விஷயம் இருந்தது. முன் ரூம் தையல் மிஷின்.

அது ஓடினால் பாட முடியாது. பாடினால் அது ஓட முடியாது. சீசன் நேரம், ஒரு மணி நேரம் மிஷின் நின்றால் ரெண்டு சட்டை போச்சு. முதல் நாள் அம்மா தானாகவே மிஷினை நிறுத்திவிட்டு, சத்தம் வராமல் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீபோர்டு ஒரு டேக் பாடினான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "நீ தைம்மா. நான் பன்னெண்டுக்கு மேல பாடிக்கிறேன்."

அன்றிலிருந்து பகலில் ஹெட்போன் மாட்டி வாசிப்பதும் மிக்ஸிங்கும். குரல் மட்டும் நடுராத்திரி. தூக்கம் பாதியானது. இன்டர்னல் மார்க்கும் ஒன்றில் பாதியானது, அதை வீட்டில் சொல்லவில்லை என்பதால் இங்கேயும் விவரம் கிடையாது. மே கடைசியில் ஒரு ஆன்லைன் ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்டை அதே லேப்டாப்பில் எழுதினான். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அப்பா தினமும் கேட்கிறார்.

ஜூன் மூன்றாம் தேதி பாட்டை சீனியருக்கு அனுப்பினான். மொத்தம் முப்பத்தோரு ட்ராக். அனுப்புவதற்கு முன்னாடி ஹெட்போனை அம்மா காதில் மாட்டினான். கையில் பாதி தைத்த யூனிஃபார்ம் பாவாடை. இடையிசை வந்த இடத்தில் அவர் சட்டென்று திரும்பி மிஷினைப் பார்த்தார்.

"டேய்... இது என் மிஷின் சத்தம்தானே?"

"ஆமாம்மா. போன வாரம் நீ தைக்கும்போது மைக்கை வெச்சுப் புடிச்சேன். அதான் தாளம்."

"பழைய பெல்ட்டா, புது பெல்ட்டா?"

"பழசும்மா."

"அதான் வழுக்குது" என்றார் அம்மா, ஹெட்போனைக் கழற்றாமல்.